பரிந்துரைக்கும் உரிமை

ஒருவர் மற்றொருவரிடம் ‘இந்த நூலைப் படியுங்கள்’ என்று எந்த உரிமையில் சொல்கிறார்? மருந்து எழுதிக் கொடுப்பவருக்குப் பட்டமும் பதிவும் வேண்டும். படகின் சுக்கானைப் பிடிப்பவருக்குக் காற்றும் நீரோட்டமும் தெரிந்திருக்க வேண்டும். ஆனால் ஒரு மனிதரின் மனத்துக்குள் புகுந்து பல நாள் தங்கிப் பேசப்போகும் ஒன்றை எடுத்துக் கொடுப்பவரிடம் எவரும் தகுதி கேட்பதில்லை. ஆசிரியர் கொடுக்கிறார், நூலகர் கொடுக்கிறார், குருவானவர் கொடுக்கிறார், பக்கத்து வீட்டு அக்காள் கொடுக்கிறார். பெரும்பாலும் நன்மையே விளைவதால் இக்கேள்வி எழுவதில்லை. எழ வேண்டும் என்பதே நம் எண்ணம்.

தமிழில் இச்செயலுக்கு நாம் வழங்கும் சொல் ‘பரிந்துரை’. ஆலயத்துக்குள் இச்சொல்லுக்கு வேறொரு பொருள் உண்டு. அன்னை மரியாவின் பரிந்துரையை வேண்டுகிறோம். புனிதர்கள் நமக்காகப் பரிந்து பேசுகிறார்கள் என்று நம்புகிறோம். அலுவலக வாசலுக்குப் போனாலோ அதே சொல் ‘சிபாரிசு’ ஆகி நிறம் மாறிவிடுகிறது. பரிவு இல்லாத இடத்தில் பரிந்துரை இல்லை என்பதைச் சொல்லே காட்டிக்கொண்டிருக்கிறது. ஆனால் பரிபவர் யாருக்காகப் பரிகிறார்? நூலுக்காக வாசகரிடம் பேசுகிறாரா? வாசகருக்காக நூல்களிடையே தேடுகிறாரா? தமக்குப் பிடித்தது பிறருக்கும் பிடித்தாக வேண்டும் என்று தமக்காகவே பேசுகிறாரா?

பெருநகரத்தில் இக்கேள்விக்கு அவ்வளவு அவசரம் இல்லை. சென்னையில் 1896-இல் திறக்கப்பட்ட கன்னிமாரா நூலகம் இருக்கிறது. 2010-இல் திறக்கப்பட்ட அண்ணா நூற்றாண்டு நூலகம் இருக்கிறது. ஆண்டுதோறும் புத்தகக் காட்சியும் நடைபெறுகிறது. ஒருவர் பொருந்தாத நூலைக் கொடுத்தால் வாசகர் அடுத்த அலமாரிக்கு நகர்ந்துவிடுவார். அங்கிருந்து வடக்கே ஏறத்தாழ அறுபது கிலோமீட்டர் தொலைவில், பழவேற்காட்டு ஏரியைச் சுற்றியுள்ள மீனவக் குப்பங்களில் நிலைமை வேறு. நூல் வாங்குவதற்கென்று கடைத்தெருவுக்குப் போகும் வழக்கம் இங்கே இல்லை. கைக்கு வந்து சேரும் நூல் என்பது யாரோ ஒருவர் பார்த்துக் கொடுத்த நூல்தான். கொடுப்பவரின் தேர்வு எவ்வளவு அகலமோ, படிப்பவரின் உலகமும் அவ்வளவே அகலம். ஆகவேதான் இக்கேள்வியை ஏரிக்கரையில் நின்று கேட்கிறோம்.

இந்த மண்ணுக்கும் நூலுக்கும் உறவு புதிதன்று. பழவேற்காட்டில் 1632 முதல் பத்தாண்டுகள் வாழ்ந்த ஆபிரகாம் ரொகேரியுஸ் என்ற டச்சு நாட்டுப் போதகர், பத்மநாபன் என்ற அந்தணரிடம் உரையாடி உரையாடி இந்நாட்டுச் சமய வாழ்வைப் பற்றி ஒரு நூல் எழுதினார். அவர் இறந்த பின் 1651-இல் அது லெய்டன் நகரில் அச்சாயிற்று. வடமொழிக் கவிஞர் பர்த்ருஹரியின் பாடல்கள் ஐரோப்பிய மொழியொன்றில் முதன்முதலாக இடம் பெற்றது அந்நூலில்தான். பழவேற்காடு ஐரோப்பாவுக்கு ஒரு நூல் கொடுத்தது; அந்நூலைப் பழவேற்காட்டார் படித்திருக்க வழியில்லை.

தெற்கே முத்துக்குளித்துறையில் நடந்தது இதற்கு நேர் மாறானது. இயேசு சபைக் குரு ஹென்றீக் ஹென்றீக்கஸ் அடிகளார் தமிழில் உருவாக்கிய ‘தம்பிரான் வணக்கம்’ 1578-இல் கொல்லத்தில் அச்சிடப்பட்டது. இந்திய மண்ணில், இந்திய எழுத்தில் அச்சேறிய முதல் நூல் என்று அறிஞர் போற்றும் அச்சிறு நூல் அரண்மனைக்காகவோ புலவர் அவைக்காகவோ அச்சிடப்படவில்லை. கடலில் பிழைத்த பரதவ மக்களுக்காக அச்சிடப்பட்டது. அச்சுப் பணிக்கு அம்மக்களே பொருளும் கொடுத்தார்கள். எட்டு ஆண்டுகள் கழித்து, 1586-இல், அறுநூறு பக்கங்களுக்கு மேற்பட்ட ‘அடியார் வரலாறு’ வெளிவந்தது. முதலில் மன்றாட்டு; அடுத்துக் கதை. மீன்பிடிக்கும் மக்களுக்குக் கதை எதற்கு என்று அன்று யாரும் கேட்டதாகத் தெரியவில்லை.

இன்று கேட்கிறார்கள். வாயால் கேட்பதில்லை, கொடுக்கும் நூல்களால் கேட்கிறார்கள். குப்பத்து மாணவனுக்குப் போட்டித் தேர்வு வழிகாட்டி. மாணவிக்குத் தையற்கலை அல்லது சமையல். வலைக்காரருக்குக் குடியின் தீமையை விளக்கும் துண்டுநூல். கைம்பெண்ணுக்கு ஆறுதல் மன்றாட்டுகள். இவற்றுள் எதுவும் தீய நூல் அன்று. எல்லாம் அன்போடு கொடுக்கப்பட்டவையே. ஆனால் எல்லாவற்றுக்கும் பொதுவான ஒன்று உண்டு. ஒவ்வொன்றும் அந்த மனிதரிடம் இல்லாதது எது என்று பார்த்துக் கொடுக்கப்பட்டது. அவரிடம் இருப்பது எது என்று பார்த்துக் கொடுத்தவர் அரியவர். வசதியுள்ளவர் வெறும் இன்பத்துக்காகப் படித்தால் அதை இரசனை என்று பாராட்டும் சமூகம், ஏழையின் கையில் வைக்கும் நூலில் மட்டும் ஏதாவதொரு பயன் ஒட்டிக்கொண்டிருக்க வேண்டும் என்று எதிர்பார்க்கிறது. நோயாளிக்குக் கஞ்சிதான் என்பது போன்ற ஏற்பாடு இது. அவர் நோயாளி அல்லர் என்பதுதான் இங்குள்ள தவறு.

‘அக்னிச் சிறகுகள்’ நூலையே எடுத்துக்கொள்வோம். படகோட்டியின் மகனாகப் பிறந்த அப்துல் கலாம் அவர்களின் தன்வரலாறு. அவர் தலைமையில் உருவான எஸ்.எல்.வி.-3 ராக்கெட் 1980 சூலை 18 அன்று விண்ணில் பாய்ந்தது, இந்த ஏரிக்கும் கடலுக்கும் இடையே நீண்டு கிடக்கும் ஸ்ரீஹரிக்கோட்டாவிலிருந்துதான். ஏவும் நாள்களில் குறிப்பிட்ட கடற்பகுதிக்குப் போகக் கூடாது என்று இங்குள்ள மீனவர்களுக்கு அறிவிப்பு வரும். கரையில் நின்று பிள்ளைகள் அந்த நெருப்புக் கோட்டைப் பார்ப்பார்கள். ஆக, இங்குள்ள சிறுவனுக்கு அதைவிடப் பொருத்தமான நூல் உண்டா? உண்மைதான். ஆனால் மீனவக் குடும்பத்தில் பிறந்த ஒவ்வொரு சிறுவனுக்கும், அவன் யார், எதை விரும்புகிறான் என்று கேளாமலே அந்த ஒரே நூலைக் கொடுத்தால் அது பரிந்துரையாகாது; தடுப்பூசி போடுவதாகும். அவர்களுள் ஒருவனுக்கு ராக்கெட் எப்படி மேலே போகிறது என்ற கணக்கு வேண்டியிருக்கலாம். கலாமின் வாழ்க்கை வேண்டாமலிருக்கலாம். இன்னொருவனுக்கு அது வெடித்துப் போனால் என்ன ஆகும் என்ற கற்பனை வேண்டியிருக்கலாம். அவன் சுஜாதாவின் ‘என் இனிய இயந்திரா’வுக்கு உரியவன். மூன்றாமவன் ராக்கெட்டைப் பார்க்கவே இல்லை. அந்த ஓசையில் ஏரியிலிருந்து எழுந்து பறந்த பூநாரைகளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். அவனுக்கு மா. கிருஷ்ணனோ தியடோர் பாஸ்கரனோ எழுதிய இயற்கைக் கட்டுரைகளை எடுத்துக் கொடுக்க ஒருவர் வேண்டும்.

சீர்காழியில் 1892-இல் பிறந்து, கணித ஆசிரியராயிருந்து, 1924-இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் நூலகராகப் பொறுப்பேற்ற எஸ். ஆர். ரங்கநாதன் இதைத் தெளிவாகக் கண்டவர். (பொறுப்பேற்ற தொடக்கத்தில், ஆளரவமற்ற நூலகத்தின் தனிமை தாங்காமல் மீண்டும் கல்லூரிக்கே போய்விட எண்ணினார் என்பார்கள். போயிருந்தால் இழப்பு நமக்கு.) 1931-இல் அவர் வெளியிட்ட ஐந்து விதிகளுள் இரண்டாவது, வாசகரின் பக்கம் நின்று பேசுகிறது: எந்த மனிதருக்கும் அவருக்குரிய நூல் கிடைக்க வேண்டும். மூன்றாவது, நூலின் பக்கம் நின்று பேசுகிறது: அலமாரியில் காத்திருக்கும் எந்த நூலும் தனக்குரிய ஆளைச் சென்றடைய வேண்டும். நாம் மேலே எழுப்பிய கேள்விக்கு அவருடைய விடை இதுவாகவே இருந்திருக்கும். நூலகர் இருவருக்காகவும் பரிய வேண்டியவர்; தமக்காக மட்டும் பரியக் கூடாதவர். அதே 1931-இல் மன்னார்குடியை அடுத்த மேலவாசலில் கனகசபை பிள்ளை என்பவர் மாட்டுவண்டியில் நூல்களை ஏற்றிக்கொண்டு சிற்றூர்களுக்குச் சென்றார். 1948-இல், அவினாசிலிங்கம் செட்டியார் கல்வி அமைச்சராயிருந்த காலத்தில், சென்னை மாகாணப் பொது நூலகச் சட்டம் நிறைவேறியது. விடுதலை பெற்ற இந்தியாவில் இத்தகைய முதல் சட்டம் அது. அன்று முதல் வீட்டுவரியோடு நூலக வரியும் சேர்த்து வாங்கப்படுகிறது. ஆகவே அரசு நூலகத்தில் ஒரு நூல் கேட்பது சலுகை அன்று. செலுத்திய வரிக்கு உரிய பங்கு.

சட்டம் கட்டடத்தைத் தரும், அலமாரியைத் தரும். வாசகரின் முகம் பார்த்து ஒரு நூலை எடுத்துத் தரும் கையைச் சட்டம் தர இயலாது. ஊர்ப்புற நூலகங்களில் பெரும்பாலும் ஒருவரே எல்லாம். கதவைத் திறப்பதும், நாளிதழ்களை விரித்து வைப்பதும், பதிவேடு எழுதுவதும் அவரே. அவரிடம் போய் ‘வாசகரை அறிந்து பரிந்துரை செய்யுங்கள்’ என்பது சற்றுக் கொடுமைதான். ஆயினும் அவ்வாறு செய்பவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் செய்வது என்ன என்று உற்றுப் பார்த்தால், திருத்தூதர் பணிகள் எட்டாம் அதிகாரம் நினைவுக்கு வருகிறது.

எருசலேமிலிருந்து காசாவுக்குப் போகும் பாலைநிலப் பாதை. எத்தியோப்பிய அரசியின் நிதியமைச்சர் தேரில் அமர்ந்து இறைவாக்கினர் எசாயாவின் சுருளை வாய்விட்டு வாசித்துக்கொண்டு போகிறார். பிலிப்பு ஓடிப்போய் அத்தேருடன் சேர்ந்துகொள்கிறார். வாசிப்பது விளங்குகிறதா என்று கேட்கிறார். ஒருவர் வழிகாட்டாவிட்டால் எப்படி விளங்கும் என்கிறார் அமைச்சர். தேரில் ஏறித் தம்மோடு அமருமாறு அழைக்கிறார். இப்பகுதியை மறையுரைகளில் பலமுறை கேட்டிருப்போம். நூல் கொடுப்பவரின் கண்கொண்டு இதை ஒருமுறை படித்துப் பார்ப்போம். பிலிப்பு கையில் நூல் எதையும் கொண்டு வரவில்லை. அமைச்சர் கையில் ஏற்கெனவே இருந்த நூலிலிருந்து, அதிலும் அவர் நின்றுபோன அதே பகுதியிலிருந்து தொடங்குகிறார். தேரை நிறுத்தச் சொல்லவில்லை. அதன் வேகத்துக்குத் தாம் ஓடுகிறார். அழைக்கப்பட்ட பிறகே ஏறுகிறார். எல்லாம் முடிந்ததும் காணாமற்போகிறார்! ஆவியார் அவரைக் கொண்டுபோய்விடுகிறார். அமைச்சர் அவரை அதன்பின் காணவே இல்லை. மகிழ்ச்சியோடு தம் வழியே போகிறார். பின்தொடர்ந்து போய், ‘முடித்தீரா, என்ன கற்றீர்’ என்று பிலிப்பு வினவவில்லை.

அரசு நூலகரை நற்செய்தியாளராக்கும் எண்ணம் நமக்கு இல்லை. அவர் எல்லாச் சமயத்தாருக்கும் பொதுவானவர். அவர் அப்படியே இருக்க வேண்டும். பழவேற்காட்டில் இந்துவும் இசுலாமியரும் கிறித்தவரும் ஒரே மேசையில் நாளிதழ் படிக்கிறார்கள். நாம் பேசுவது முறையை மட்டுமே. அந்த முறையில் மிகக் கடினமான படி ஓடுவதும் அன்று, ஏறுவதும் அன்று, காணாமற்போவதுதான். கொடுத்த நூல் தாம் நினைத்த விளைவைத் தந்ததா என்று பார்க்கத் துடிக்கும் ஆசையில், கொடுத்தவர் தேரிலேயே உட்கார்ந்துவிடுகிறார்.

இங்கே ஒரு தடை எழும். தீய நூல்கள் உண்டு அல்லவா? இளம் பருவத்தினரைக் கெடுக்கும் எழுத்து உண்டு அல்லவா? அதற்குக் காவல் வேண்டாமா?

இத்தடையைத் தட்டிக்கழிக்க முடியாது. திருச்சபையே அதை நானூறு ஆண்டுகளுக்கு மேல் தன் வழியில் எதிர்கொண்டது. 1559-இல் திருத்தந்தை நான்காம் பவுல் தடைசெய்யப்பட்ட நூல்களின் பட்டியலை வெளியிட்டார். அதன் இறுதிப் பதிப்பு 1948-இல் வந்தது. இரண்டாம் வத்திக்கான் சங்கம் முடிந்த மறு ஆண்டு, 1966-இல், அப்பட்டியல் சட்டத்துக்குரிய ஆற்றலை இழந்தது. இனிப் படிப்பவரின் மனச்சான்றே முதற்காவல் என்ற நிலை ஏற்பட்டது. மனச்சான்றை நம்புவது என்பது அதைப் பயிற்றுவிக்கும் கடமையையும் சேர்த்துக்கொள்வது. ஒரே வகை நூலைப் படித்த மனச்சான்று எதை எதனோடு ஒப்பிட்டுத் தீர்ப்பிடும்? மேலும், அச்சிட்ட பட்டியல் போய்விட்டாலும் அச்சிடாத பட்டியல் ஒன்று எங்கும் உண்டு. அலமாரியில் இல்லாமையே அந்தப் பட்டியல். பாமா எழுதிய ‘கருக்கு’ 1992-இல் வெளிவந்தது. துறவறத்தில் இருந்து வெளியேறிய தலித் கத்தோலிக்கப் பெண் ஒருவர், திருச்சபைக்குள்ளும் கன்னியர் மடத்துக்குள்ளும் தாம் கண்ட சாதியை எழுதிய நூல் அது. எத்தனை பங்குகளின் நூலகங்களில் அது இருக்கிறது? வாசகருக்குத் தீங்கு வருமென்று அஞ்சி விலக்கப்பட்ட நூல்களைக் காட்டிலும், கொடுப்பவருக்குச் சங்கடம் வருமென்று விலக்கப்பட்டவை அதிகம் என்பது நம் துணிபு. தம்மைக் குறைகூறும் நூலையும் எடுத்துக் கொடுக்கக் கூடியவரே, மற்ற நூல்களைப் பரிந்துரைக்கும்போது நம்பத்தக்கவர்.

தூய இஞ்ஞாசியாரின் கதையை இவ்விடத்தில் சிலர் எடுத்துக்காட்டுவர். 1521-இல் பாம்பலூனா கோட்டையில் குண்டு பட்டுக் கால் முறிந்து, லொயோலாவின் இல்லத்தில் படுத்திருந்த அவர், வீரர்களின் சாகசக் கதைகளைப் படிக்கக் கேட்டார். அவ்வீட்டில் அவை இல்லை. அண்ணி மதலேனா, ஆண்டவரின் வாழ்க்கை வரலாற்றையும் புனிதர் வரலாற்றையும் கொடுத்தார். அதன் பின் நடந்ததை உலகம் அறியும். (அந்தப் புனிதர் வரலாற்றுக்கு எசுப்பானியர் வழங்கிய அதே பெயரோடுதான் ஹென்றீக்கஸ் அடிகளாரின் ‘அடியார் வரலா’றும் அச்சாயிற்று என்பது கருதத்தக்கது.) கேட்டதைக் கொடுக்காமல் நல்லதைக் கொடுத்ததால்தானே ஒரு புனிதர் கிடைத்தார் என்று வாதிப்பார்கள். ஆனால் அந்த அண்ணி சாகசக் கதைகளை ஒளித்து வைக்கவில்லை. அவரிடம் அவை இல்லை. இல்லாமையிலிருந்து இறைவன் நன்மை விளைவித்தார் என்பதற்காக, இல்லாமையை நூலகத்தின் கொள்கையாக்கிவிட முடியாது. சாகசக் கதைகளில் திளைத்திருந்த அந்த மனமல்லவா, புனிதர்களின் வாழ்விலும் ஒரு வீரத்தைக் கண்டு அதைத் தானும் செய்தால் என்ன என்று எண்ணியது? முன்பு படித்தவை வீணாகவில்லை. அவை நிலத்தை உழுது வைத்திருந்தன.

மறைந்த திருத்தந்தை பிரான்சிசு இதை இன்னும் எளிய வழியில் கண்டார். 1964-65-இல், இளம் இயேசு சபைத் துறவியாக அர்ச்சென்டீனாவின் சாந்தா ஃபே நகர்ப் பள்ளியில் இலக்கியம் கற்பித்தபோது, பாடத்திட்டப்படி இடைக்காலக் காப்பியமான ‘எல் சித்’தைக் கற்பிக்க வேண்டியிருந்தது. மாணவர்களோ தம் நூற்றாண்டுக் கவிஞர் லோர்காவைக் கேட்டார்கள். காப்பியத்தை வீட்டில் படித்துக்கொள்ளட்டும் என்று விட்டு, அவர்கள் விரும்பிய எழுத்தாளர்களை வகுப்பில் பேசினார். 2024 சூலையில், இலக்கியம் மனிதரை உருவாக்குவது பற்றி எழுதிய மடலில் அவரே இதை நினைவுகூர்ந்தார். கடமைக்காகப் படிக்கவைப்பது பயன் தராது என்பது அவர் கண்ட முடிவு. குருத்துவப் பயிற்சி பெறுவோருக்கென எழுதத் தொடங்கி, கிறித்தவர் அனைவருக்கும் பொருந்துமென்று அவர் விரித்த அந்த மடலை நம் பங்குகளில் எத்தனை பேர் படித்தோம் என்று கேட்டால் விடை மௌனமாகத்தான் இருக்கும்.

பதின்வயதினர் தொடர்பாக இன்னொன்றும் சொல்ல வேண்டும். குப்பத்தில் இரகசியம் தங்குவது அரிது. யார் வலையில் எத்தனை கிலோ இறால் விழுந்தது என்பது படகு கரை சேரும் முன்பே தெரிந்துவிடும். அத்தகைய ஊரில், பதினாறு வயதுப் பெண் ஒருத்தி தன் உடலில் நிகழும் மாற்றங்களைப் பற்றிய நூலையோ ஒரு காதல் நாவலையோ எடுத்துச் சென்றாள் என்பது வழங்கல் பதிவேட்டில் விரிந்து கிடந்தால், அவள் மறுமுறை வரமாட்டாள். யார் எதைப் படித்தார் என்பதை வெளியே சொல்லாதிருப்பது நூலகரின் தொழில் ஒழுக்கம். ஒப்புரவு அருட்சாதனத்தின் இரகசியத்துக்கு ஈடாக அதை வைக்கமாட்டோம். அது வேறு தளம். ஆனால் இரண்டுக்கும் வேர் ஒன்று: ஒருவர் தம் உள்ளத்தைத் திறக்கும் இடத்தில் மூன்றாமவர் நிற்கக் கூடாது. ‘உங்கள் மகள் என்ன படிக்கிறாள் தெரியுமா’ என்று தந்தையிடம் சொல்பவர் அன்பினால்தான் சொல்கிறார் என்பதை ஏற்கிறோம். சொல்லக் கூடாது என்பதையும் சேர்த்தே சொல்கிறோம். உண்மையான ஆபத்து தெரிந்தால் அந்தப் பிள்ளையிடமே முதலில் பேசலாம்.

மீனவருக்கு மீனவர் கதையைக் கொடுப்பது நன்றா? வெளியிலிருந்து வருவோர் முதலில் கொடுக்க விரும்புவது இதைத்தான். தகழியின் ‘செம்மீன்’ (1956) சுந்தர ராமசாமியின் மொழிபெயர்ப்பில் இருக்கிறது. மணப்பாட்டுக் கரையைப் பற்றி வண்ணநிலவன் எழுதிய ‘கடல்புரத்தில்’ (1977) இருக்கிறது. ஜோ டி குரூஸின் ‘ஆழி சூழ் உலகு’ (2004), 2013-ஆம் ஆண்டின் சாகித்திய அகாதெமி விருது பெற்ற ‘கொற்கை’ (2009) ஆகியன இருக்கின்றன. தம் பேச்சும் தம் தொழிலும் அச்சில் ஏறியிருப்பதைக் காணும்போது ஒருவருக்குள் நிமிர்வது என்ன என்பதை நாம் குறைத்து மதிப்பிடவில்லை. ஆனால் கண்ணாடியை மட்டுமே கொடுத்துக்கொண்டிருப்பவர் சன்னலை மறைக்கிறார். ‘நாங்கள் நாள்தோறும் பார்ப்பதைத்தானே எழுதியிருக்கிறார்’ என்று ஓர் இளைஞன் சொன்னால், அவன் நன்றிகெட்டவன் அல்லன். அவனுக்குப் பனி பெய்யும் நாட்டின் கொலைவழக்கு வேண்டும். கொடுக்கலாம்!

‘செம்மீன்’ பற்றி இன்னும் சற்று நின்று பேச வேண்டும். கடலுக்குப் போன கணவனின் உயிரைக் கரையிலுள்ள மனைவியின் கற்பு காக்கிறது என்ற நம்பிக்கையின்மேல் அந்நாவல் கட்டப்பட்டிருக்கிறது. அந்நம்பிக்கையை அது ஏற்கிறதா, அதன் கொடுமையைக் காட்டுகிறதா என்பது திறனாய்வாளருக்கு இனிய வாதம். கடலில் கணவனை இழந்த பெண்ணின் வீட்டில் அது வெறும் வாதமாக இராது. அவரிடம் அந்நூலை, புகழ்பெற்றது என்ற ஒரே காரணத்துக்காக, ஒன்றும் சொல்லாமல் நீட்டுவது சரியா? மறைத்துவிடுவதும் சரியன்று, அவர் குழந்தை அல்லர். ‘இதில் இப்படியொரு செய்தி வருகிறது, உங்களுக்கு வருத்தம் தரலாம், விருப்பமானால் படியுங்கள்’ என்று சொல்லிக் கொடுக்க இரண்டு நிமிடம் போதும். பரிந்துரைப்பவருக்கு ஓர் உரிமை உண்டென்றால், அது இந்த இரண்டு நிமிடத்தின் மேல்தான் நிற்கிறது: நூலையும் ஓரளவு அறிந்திருக்கிறார், ஆளையும் ஓரளவு அறிந்திருக்கிறார், முடிவை அவர் கையில் விட்டுவிடுகிறார். இவற்றுள் ஒன்று இல்லையென்றாலும் வாய் மூடி அலமாரியைக் காட்டிவிடுவது மேல்.

வளர்ந்தோரின் வாசிப்பைப் பற்றி மேட்டிமையோடு பேசுவோர் உண்டு. ரமணி சந்திரனின் நாவல்களையும் ராஜேஷ்குமாரின் குற்றப் புதினங்களையும் கேட்டு வரும் பெண்களைக் கண்டு உதடு சுழிப்போரை நாம் அறிவோம். விடியலில் மீன் கூடையோடு கிளம்பி, வெயிலில் நின்று விற்று, வீட்டுக்கு வந்து உலை வைத்து, அதன் பின்னும் ஒருவர் எழுத்துக் கூட்டி நூறு பக்கம் படிக்கிறார் என்றால், முதலில் செய்ய வேண்டியது வணக்கம் செலுத்துவது. அவர் கேட்ட நூலைக் கொடுத்து, அதன் அருகே இன்னொன்றை வைக்கலாம். எடுத்தாலும் எடுக்கலாம், விட்டாலும் விடலாம்.

இந்த ஏரியில் ‘பாடு’ என்றொரு முறை உண்டு. இறால் வலை கட்ட நல்ல இடங்கள் சிலவே. கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடூர் மாதாகுப்பம் ஆகிய ஊர்களின் மீனவர்கள் அவ்விடங்களைச் சீட்டுப் போட்டு, இன்று ஒருவருக்கு, நாளை மற்றவருக்கு என்று முறைவைத்துப் பகிர்ந்துகொள்கிறார்கள். ஆண்டவர் அடைந்த துன்பத்தைக் குறிக்க நாம் வழங்கும் சொல்லும் அதுவே என்பதை இங்கு வரும் குருக்கள் முதலில் வியப்போடு கவனிப்பர். நூலகத்துக்கும் பாடு வேண்டும். புதிதாக வந்த நல்ல நூல் எப்போதும் முதலில் ஆசிரியர் வீட்டுக்கும் ஊர்த்தலைவர் வீட்டுக்குமே போய்ச் சேர்கிறதென்றால், அங்கே முறை இல்லை. ஆனால் பாட்டில் பெயரே இல்லாதவர்களும் ஏரியில் இருக்கிறார்கள். இடுப்பளவு நீரில் நின்று, பறியைப் பல்லால் கடித்துக்கொண்டு, சேற்றில் கைவிட்டு இறாலைத் தடவிப் பிடிக்கும் இருளர் பெண்களுக்குச் சீட்டு விழுவதில்லை. நூலகத்தின் படிகளிலும் அவர்களைக் காண்பது அரிது. வீடு தேடி நூல் கொண்டுசெல்லத் தமிழக அரசு 2022-இல் தொடங்கிய ‘நூலக நண்பர்கள்’ திட்டத்தில் சேரும் இளைஞர்கள், முதலில் எந்தத் தெருவுக்குப் போகிறார்கள் என்பதைப் பொறுத்தது அதன் மதிப்பு.

எழுத்தறியாதவருக்கு நூல் இல்லை என்று முடித்துவிடவும் வேண்டாம். ஏப்ரல் 15 முதல் சூன் 14 வரை விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம். அந்நாள்களில் மரத்தடியில் வலையை விரித்துக் கிழிசல் தைப்போர் நடுவே கல்லூரி மாணவர் ஒருவர் ஹெமிங்வேயின் ‘கடலும் கிழவனும்’ நாவலைத் தமிழில் வாசிக்கக் கேட்டிருக்கிறோம். நாலைந்து பக்கத்துக்கு ஒருமுறை நிறுத்தினார்கள். ஒற்றை ஆளாய் அவ்வளவு தொலைவு எதற்குப் போனான் என்று ஒருவர் சினந்தார். அந்தப் பையனைக் கூட்டிப் போயிருந்தால் மீனைச் சுறாவுக்குக் கொடுத்திருக்க மாட்டான் என்றார் மற்றொருவர். அக்கிழவனும் படகில் தனியாக அதையேதான் சொல்லிச் சொல்லி வருந்துகிறான் என்பதை மாணவர் அடுத்த பக்கங்களில் காட்ட, ஊசிகள் சற்று நேரம் நின்றன. அன்று நூல் முடியவில்லை. மறுநாள், முன்தினம் வராத இருவரும் வந்து அமர்ந்திருந்தார்கள். விட்ட இடத்திலிருந்து வாசிக்க மாணவர் பக்கத்தைத் தேடிக்கொண்டிருக்கையில், எழுதப் படிக்கத் தெரியாத முதியவர் ஒருவர், கையிலிருந்த வலையைக் கீழே வைத்துவிட்டு, அவ்விருவருக்கும் கதையைத் தொடக்கத்திலிருந்து சொல்லத் தொடங்கினார்.